மனனத்துக்கு மாத்திரையா? அமுக்கராவும் அறிவெனும் அமானிதமும்

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் வாயிலில் அத்தர், மிஸ்வாக், தொப்பி, பேரீச்சம்பழம் விற்போரைக் காண்பது நமக்குப் பழகிய காட்சி. அண்மைக் காலமாக அந்த வரிசையில் புதிய மேசையொன்று சேர்ந்திருக்கிறது. கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டிகளுக்கும் தேன் பாட்டில்களுக்கும் நடுவே பச்சை நிற கேப்சூல்கள் அடைத்த டப்பாக்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மன அமைதி தரும், நினைவாற்றலைப் பெருக்கும், ஹிஃப்ழு மாணவர்களுக்கும் நீட் தேர்வு எழுதுவோருக்கும் ஏற்றது, நபிவழி மருத்துவம், பக்க விளைவு அறவே இல்லை என்று அவற்றின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், உள்ளே இருப்பதில் பெரும்பங்கு அமுக்கராக் கிழங்கின் சாரம். கருஞ்சீரகம் பெயருக்குச் சிறிது சேர்க்கப்பட்டிருக்கிறது.

இக்கட்டுரை அமுக்கராவுக்கு எதிரானது அன்று. அல்லாஹ் படைத்த மூலிகைகளில் அதுவும் ஒன்று. நம் நாட்டில் சித்த, ஆயுர்வேத, யூனானி மருத்துவர்கள் மூவரும் அதை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். நாம் எதிர்ப்பது அந்த மேசையை. இன்னும் குறிப்பாகச் சொன்னால், 'அமைதி தருவது அறிவையும் கூராக்கும்' என்று எவ்விதத் தயக்கமுமின்றி இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் வாயில் போடச் சொல்லும் துணிச்சலை.

நம் மஹல்லாவைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன். 14 ஜுஸ்உகள் மனனம் செய்தவன். பெயர் வேண்டாம், ஓதும் மதரஸாவின் பெயரும் வேண்டாம். ஒப்புவிக்க உட்கார்ந்தால் அவனுக்குக் கை நடுங்கும், நா வறளும். யாரோ சொன்னதைக் கேட்டு அவனுடைய வாப்பா அந்த டப்பாவை வாங்கிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் இரண்டு. பத்து நாள்களில் நடுக்கம் குறைந்தது. வாப்பாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் ஹஜ்ரத் வேறொன்றைக் கவனித்தார். குர்ஆனில் ஒன்றுபோல் ஒலிக்கும் வசனங்கள் பல உண்டு என்பதை மனனம் செய்தவர்கள் அறிவர். ஒரு சூராவில் தொடங்கி, அதே தொடர் வரும் இடத்தில் தடம் மாறி, வேறொரு சூராவுக்குள் போய்விடுவது ஹாஃபிழ்களின் நித்திய சோதனை. முன்பெல்லாம் இவன் அப்படித் தடம் மாறினால் அடுத்த சொல்லிலேயே முகம் சுருங்கும். தானே நிறுத்தித் திரும்புவான். இப்போது அமைதியாக உட்கார்ந்து, மாறிப்போனதே தெரியாமல் அரைப் பக்கம் ஓதிக்கொண்டு போகிறான். "பிள்ளை பயப்படுவதில்லைதான், ஆனால் விழித்திருக்கவும் இல்லையே" என்றார் ஹஜ்ரத்.

ஒரு சிறுவனை வைத்து ஒரு மூலிகையின் மீது தீர்ப்பெழுத முடியாது. அவனுக்கு நேர்ந்தது கேப்சூலால்தான் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. வேறு காரணமும் இருந்தது, அதைப் பின்னர் சொல்கிறோம். ஆனால் ஹஜ்ரத்தின் அந்தச் சொல்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. அச்சம் போவதும் அறிவு தெளிவதும் ஒரே காரியமா?

அமுக்கராவின் அறிவியல் பெயரின் பிற்பாதி 'சோம்னிஃபெரா' என்பதாகும். இலத்தீன் மொழியில் 'உறக்கம் தருவது' என்று பொருள். முன்னோர் அதை எதற்குக் கொடுத்தார்கள் என்பதற்குப் பெயரே சான்று. கத்தரியும் தக்காளியும் சேர்ந்த குடும்பத்துச் செடி இது. வேரில் குதிரை வாடை வீசுவதால் அசுவகந்தா என்பது வடமொழிப் பெயர், யூனானியில் அஸ்கந்த். 'அஸ்கந்த் நாகோரி' என்று யூனானி மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதைக் கண்டு, நம் நாகூரில் விளைவதாக எண்ணிப் பெருமைப்பட்டவர்களை நாம் அறிவோம். அது ராஜஸ்தானத்து நாகௌர். ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இச்செடியின் இலையிலுள்ள ஒரு வேதிப்பொருளை எலிகளுக்குக் கொடுத்து, அது உறக்கத்தை வரவழைப்பதைக் கண்டனர். மூளையின் பரபரப்பைத் தணிக்கும் 'காபா' எனும் வழித்தடத்தில் இம்மூலிகை வேலை செய்வதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. தூக்க மாத்திரைகள் பலவும் அதே வழித்தடத்தில்தான் செல்கின்றன. ஆக, இது வேலை செய்யாத பொருள் அன்று. மூளையில் வேலை செய்யும் பொருள். விளைவு உண்டென்று விற்றுவிட்டுப் பக்க விளைவு மட்டும் இல்லையென்று சொல்வது எந்தக் கணக்கு?

விற்போர் உடனே ஆய்வுகளை நீட்டுவர். நீட்டட்டும், நாமும் படித்தோம். 2012-இல் ஹைதராபாத்தில் நடந்த ஆய்வு அவர்கள் அதிகம் காட்டுவது. மன அழுத்தம் கொண்ட 64 பேரில் ஒரு பாதிக்கு நாளைக்கு இருவேளை 300 மில்லிகிராம் வேர்ச் சாரமும், மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் 60 நாள்கள் கொடுக்கப்பட்டன. சாரம் உண்டவர்களுக்கு மன அழுத்தம் குறைந்தது. இரத்தத்தில் கார்டிசால் எனும் சுரப்பும் குறைந்தது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வளர்ந்த ஆண்களும் பெண்களும். நினைவாற்றலுக்கென்று காட்டப்படும் 2017-ஆம் ஆண்டு ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 50 பேர்; ஏற்கெனவே மறதி தொடங்கிய, வயதில் மூத்தவர்கள்; காலம் எட்டு வாரம். மறதி கண்ட பெரியவருக்கு எட்டு வாரத்தில் சற்றுத் தேறியது என்பதிலிருந்து, மறதியே இல்லாத 12 வயதுச் சிறுவனுக்குக் குர்ஆன் மனனம் எளிதாகும் என்ற முடிவுக்குத் தாவுவதை எந்த மருத்துவ நூலிலும் நாம் காணவில்லை. இத்துறையின் ஆய்வுகள் பலவற்றுக்கு மருந்தை வழங்கியவர்கள் அதைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களே என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் அவை பொய்யாகிவிடா. விற்பவன் எடை போட்டால் தராசின் முள்ளை ஒரு முறைக்கு இரு முறை பார்ப்பது வாங்குபவனின் கடமை, அவ்வளவே.

அமைதியும் தெளிவும் பிரிந்து நிற்பதைக் கண்முன் காட்டும் ஓர் ஆய்வு வேறொரு மூலிகையைப் பற்றியது. இப்னு சீனா இதயத்தை மகிழ்விப்பது என்று புகழ்ந்த பாத்ரஞ்சபூயாவை யூனானி கற்றோர் அறிவர். எலுமிச்சை மணம் வீசும் இலை. மேல்நாட்டார் லெமன் பாம் என்பர். இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடல்நலமுள்ள 20 இளைஞர்களுக்கு இதன் சாரத்தை வெவ்வேறு நாள்களில் 300, 600, 900 மில்லிகிராம் என்று மூன்று அளவுகளிலும், ஒரு நாள் வெற்று மாத்திரையாகவும் கொடுத்து, கணினியில் நினைவுத் தேர்வும் கவனத் தேர்வும் வைத்தனர். 2002-இல் முடிவு வெளிவந்தது. மிகக் குறைந்த அளவிலேயே 'அமைதியாக உணர்கிறோம்' என்றனர். மிகுந்த அளவில் விழிப்புணர்வு குறைந்தது. நடுத்தர அளவில் கவனத்தின் துல்லியம் கூடியது. நினைவாற்றலோ, அளவையும் நேரத்தையும் பொறுத்துக் குறைந்தது. இரு ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் 18 பேரிடம் மீண்டும் பார்த்தபோது, 600 மில்லிகிராமில் அமைதி கூடி விழிப்புக் குறைந்தது. 300 மில்லிகிராமில் கணக்குப் போடும் வேகம் கூடியது, பிழையும் மிகவில்லை.

இந்த முடிவுகளைப் பொறுமையாக நோக்குங்கள். ஒரே இலை. ஓரளவில் கணக்குக்கு உதவுகிறது; இன்னோரளவில் விழிப்பைக் கெடுக்கிறது; ஒரே மனிதனின் கவனத்தைக் கூட்டும் அளவு அவனுடைய நினைவைக் குறைக்கிறது. நினைவு, கவனம், வேகம், விழிப்பு என்று அறிவுக்குப் பல கிளைகள் இருக்க, 'மூளைக்கு நல்லது' என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிட யாருக்கு உரிமை? மனனத்துக்கு வேண்டியது நினைவு. அந்தக் கிளையில்தான் அந்த இலை கை வைத்தது. லெமன் பாமில் கண்டது அமுக்கராவுக்கும் அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. இதயத்தை மகிழ்விப்பது மூளையையும் கூராக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப இடமில்லை என்பதே நாம் சொல்வது.

நினைவாற்றலுக்கு மருந்து தேடுவது நம் சமுதாயத்துக்குப் புதிதும் அன்று. ஹதீஸ்களை இலட்சக் கணக்கில் நெஞ்சில் சுமந்த காலத்தில் மறதி என்பது பெரும் பகை. கைரவானைச் சேர்ந்த மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார் பத்தாம் நூற்றாண்டிலேயே மறதியைப் பற்றித் தனி நூலொன்று எழுதினார். அக்காலத்து மாணவர்களிடையே பெயர்பெற்றிருந்த நினைவு மருந்து 'பலாதுர்'; அதாவது நம் சேராங்கொட்டை. சலவைக்காரர்கள் துணியில் குறியிடப் பயன்படுத்திய, பால் பட்டால் தோல் கொப்பளிக்கும் அதே கொட்டைதான். 'ஃபுதூஹுல் புல்தான்' எழுதிய பேரறிஞர் பலாதுரீயின் பெயர்க் காரணம் தெரியுமா? பலாதுர் அருந்தி, இறுதிக் காலத்தில் சித்தம் கலங்கி, 892-இல் அவர் இறந்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறினர். அருந்தியவர் அவர் அல்லர், அவருடைய பாட்டனார் என்போரும் உண்டு. எவராயினும், நினைவைக் கூட்ட உண்ட மருந்து அறிவையே கொண்டுபோனது என்ற அச்சம் ஓர் அறிஞரின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு ஆயிரத்து நூறு ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. அமுக்கரா சேராங்கொட்டை போன்ற கொடிய பொருள் அன்று. இரண்டையும் சமமாக்கினால் அது நம் பக்கத்து அநீதி. ஆனால் மேசைக்காரருக்கு இருக்கும் துணிவு முன்னோருக்கு இருந்ததில்லை.

அவர்களுக்கு இருந்தது சோதனை செய்யும் பழக்கம். மருந்தைச் சோதிக்கும் விதிகளை இப்னு சீனா தம் 'கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் வரிசைப்படுத்தினார். பல நோய்கள் கலந்த உடலில் அன்றி ஒற்றை நோயில் சோதிக்க வேண்டும். விளைவு எப்போதும் ஒரேபோல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மனிதர்களிடமே சோதிக்க வேண்டும், சிங்கத்திடமும் குதிரையிடமும் சோதித்தது மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம். அர்ராஸீயோ, மூளைக் காய்ச்சல் கண்ட நோயாளிகளில் ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்தும், மறு சாராருக்கு வேண்டுமென்றே எடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தார். இவர்களின் பெயரைப் பேனரில் போட்டுக்கொண்டு, இவர்களின் முறையைக் காற்றில் விடுவோரைத்தான் இன்று 'பாரம்பரியத்தின் காவலர்' என்று அழைக்கிறோம்.

பாரம்பரியம் என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்ப்போம். சித்த மருத்துவர் அமுக்கராக் கிழங்கைப் பாலில் பிட்டவியலாக அவித்துச் சுத்தி செய்து, காயவைத்து, இடித்துச் சூரணமாக்கி, நாடி பார்த்து, உடல்வாகு பார்த்து, இவ்வளவு நாள் என்று எல்லை வைத்துக் கொடுத்தார். இன்று டப்பாவில் வருவது, 'விதனோலைடு' எனும் வேதிப்பொருள் இத்தனை விழுக்காடு என்று செறிவூட்டிய சாரம். முன்னது கஞ்சி என்றால் பின்னது அதை வற்றக் காய்ச்சிய குழம்பு. பாட்டனார் சூரணம் உண்டு தொண்ணூறு வயது வாழ்ந்தார் என்பது இந்த கேப்சூலுக்குச் சான்றாகாது.

இனி, 'நபிவழி மருத்துவம்' என்ற முத்திரைக்கு வருவோம். நம்மை மிகவும் வருத்துவது இதுதான். கருஞ்சீரகத்தைப் பற்றியும் தேனைப் பற்றியும் ஸஹீஹான ஹதீஸ்கள் உண்டு. வாற்கோதுமையில் செய்யும் தல்பீனா கஞ்சி நோயாளியின் நெஞ்சுக்கு ஆறுதல் தந்து, துயரில் ஓரளவைப் போக்கும் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸும் உண்டு. அமுக்கராவைப் பற்றி ஒரு ஹதீஸைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாது. ஹதீஸில் வந்த பொருள் ஒரு சிட்டிகை, வராத பொருள் ஒரு பிடி என்று கலந்து, மொத்தத்துக்கும் நபி (ஸல்) அவர்களின் பெயரைச் சூட்டுவது வியாபாரத் தந்திரமன்றி வேறில்லை. நபியவர்கள் சொல்லாததை அவர்கள் மீது ஏற்றிச் சொல்வதற்கு வந்துள்ள எச்சரிக்கையை இவர்கள் கேள்விப்படாதவர்களா? ஹதீஸ்களில் வரும் மருத்துவக் குறிப்புகள்கூட அக்கால அரபியரின் அனுபவ வழக்கைச் சார்ந்தவை, நபியவர்கள் அனுப்பப்பட்டது மார்க்கத்தைக் கற்பிக்கவே, மருத்துவத்தைக் கற்பிக்க அன்று என்று இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் எழுதினார். அக்கருத்தை ஏற்காத அறிஞர்கள் பலர் உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் நுழையவில்லை. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், ஹதீஸில் இல்லாத வேருக்கு ஹதீஸின் போர்வை பொருந்தாது.

இன்னொரு நபிமொழியை அந்த மேசையில் எவரும் எழுதி வைப்பதில்லை. மருத்துவ அறிவு உடையவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்தால், நேரும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் அது பதிவாகியிருக்கிறது. அத்தர் விற்றவர் நேற்று மூன்று நாள் இணையவழிப் பயிற்சி முடித்து, இன்று 'ஹகீம்' ஆகிறார். சிறுவனுக்குத் தைராய்டு கோளாறு உண்டா, வலிப்புக்கோ ஒவ்வாமைக்கோ வேறு மருந்து உண்கிறானா என்று ஒரு கேள்வியும் இல்லை. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளோடும் உறக்கம் தரும் மருந்துகளோடும் சேர்ந்து அவற்றின் வேலையை மாற்றக்கூடும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். இவை யாவும் மருத்துவர் அறிந்த செய்திகள். மேசைக்காரர் கேட்கும் ஒரே கேள்வி, "ஒரு டப்பாவா பாய், ரெண்டா?" என்பதுதான்.

கல்லீரலைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கரா உண்ட ஐவருக்கு மஞ்சள் காமாலையும் கடும் அரிப்பும் கண்டதை 2020-இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். உண்ணத் தொடங்கி இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் அது நேர்ந்தது. 2023-இல் நம் நாட்டு மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினர். ஏற்கெனவே கல்லீரல் பழுதானவர்களில் உயிரிழப்பும் இருந்தது. அதே ஆண்டு டென்மார்க் அரசு அமுக்கராவை உணவுத் துணைப்பொருள்களில் தடை செய்தது. அத்தடைக்கு அடிப்படையான அறிக்கையைக் குறை கூறுவோரும் உண்டு. கோடிக்கணக்கானோர் உண்கையில் இது அரிதாகவே நேர்கிறது என்பது உண்மை. அரிது என்பது வேறு, 'அறவே இல்லை' என்பது வேறு. அறவே இல்லை என்று அச்சிட்டவர் பொய் சொல்லியிருக்கிறார்.

"ஆங்கில மருந்துக்குப் பக்க விளைவு இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நிறையவே உண்டு, அதனால்தான் மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு நீண்ட தாள் மடித்து வைக்கப்படுகிறது, சீட்டின்றிப் பல மருந்துகளைத் தரக் கூடாதென்று சட்டமும் இருக்கிறது. இதே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஆயுஷ் உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் இருந்தால், அது மருந்தாக அன்றி உணவுத் துணைப்பொருளாகவே விற்கப்படுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்று எழுதியாக வேண்டும். எழுதியும் இருப்பார்கள், ஆங்கிலத்தில், உருப்பெருக்கி வைத்துப் பார்க்கும் அளவில். முன்பக்கம் தமிழில் மருந்து, பின்பக்கம் ஆங்கிலத்தில் மருந்தன்று.

இதை உண்பது ஹராம் என்று நாம் ஃபத்வா கொடுக்கவில்லை. அதற்கு நாம் தகுதியுடையோரும் அல்லோம். ஃபுகஹாக்கள் இத்தகைய பொருள்களை நம்மைவிட நுணுக்கமாகப் பார்த்தனர். 13-ஆம் நூற்றாண்டின் மாலிகி அறிஞர் இமாம் கராஃபீ தம் 'அல்ஃபுரூக்' நூலில் போதையூட்டுபவை, உறங்கச் செய்பவை, அறிவைக் குலைப்பவை என்று மூன்றையும் பிரித்து, முதல் வகையில் சிறிதளவும் கூடாதென்றும், மற்றவற்றில் அறிவைத் தீண்டாத சிற்றளவுக்கு இடமுண்டென்றும் எழுதினார். அவர் வைத்த எல்லைக்கோடு எது என்று பாருங்கள்: அறிவைத் தீண்டுகிறதா, இல்லையா. செடியா, இரசாயனமா என்பது அன்று. 'மூலிகைதானே' என்று நாம் இன்று சொல்லும் சமாதானம் அவருடைய தராசில் எடையே பெறாது. அவர் பேசிய பொருள்களில் பெரும்பாலானவை மூலிகைகளே.

அறிவு மங்கிய நிலை போதையில்தான் வரும் என்றும் இல்லை. தொழுகையில் உறக்கம் மேலிட்டால் உறக்கம் தீரும் வரை படுத்துக்கொள்ளும்படியும், பாவமன்னிப்புத் தேட நினைத்துத் தன்னையே சபித்துக்கொள்ளக் கூடும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. கோபத்தில் இருக்கும் காழீ தீர்ப்பளிக்கலாகாது என்ற ஹதீஸை விளக்கிய அறிஞர்கள், கடும் பசி, தாகம், உறக்கம் என்று சிந்தையைச் சிதைக்கும் அனைத்தையும் அதனோடு சேர்த்தனர். போதையோடு தொழுகையை நெருங்காதீர் என்ற வசனமும் (4:43) தாம் ஓதுவது இன்னதென்று அறிதலையே அளவுகோலாக வைத்தது. அன்று ஹஜ்ரத் கண்டதும் அதைத்தானே? சிறுவன் அமைதியாக ஓதினான்; எதை ஓதுகிறான் என்பதை அறியவில்லை.

நீர்ப்பிரமி, வல்லாரை ஆகியவற்றின் பெயரிலும் இதே வியாபாரம் நடக்கிறது. நீர்ப்பிரமிக்கு நினைவாற்றல் சான்று அமுக்கராவைவிடச் சற்று வலுவானது. ஆனால் ஆய்வுகளில் பலன் தெரிய ஏறத்தாழ 12 வாரங்கள் பிடித்தன. தேர்வுக்கு முந்திய வாரம் வாங்கிக் கொடுப்பதால் பயனடைபவர் கடைக்காரர் ஒருவரே.

மேலே தள்ளிவைத்த அந்த வேறு காரணத்துக்கு இப்போது வருவோம். அச்சிறுவன் இரவு பத்தரை வரை அன்றைய புதுப்பாடமான ஸபக்கைப் பார்த்துவிட்டு, பதினொன்றுக்குப் படுத்து, தஹஜ்ஜுதுக்கென்று மூன்றரைக்கு எழுப்பப்பட்டான். ஃபஜ்ருக்குப் பின் உறங்க அனுமதியில்லை. பகலில் பள்ளிப் பாடம். நான்கரை மணி நேர உறக்கத்தில் ஒரு வளரும் பிள்ளை. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவது உறக்கத்தில்தான் என்பது இன்றைய நரம்பியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமேனும் வேண்டும் என்கின்றனர் குழந்தை மருத்துவர்கள். அவன் கை நடுங்கியது மனம் நோயுற்றதால் அன்று. ஓதியது நெஞ்சில் தங்கவில்லை என்பது அவனுக்கே தெரிந்ததால். அந்த அச்சம் உண்மையைச் சொன்னது. நாம் உறக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதன் விளைவாக வந்த அச்சத்தை மருந்தால் அடக்கி, 'பிள்ளை தெளிந்துவிட்டான்' என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். கைலூலா எனும் நண்பகல் சிறுதூக்கம் சுன்னத் என்று பயானில் கேட்கிறோம். அதற்கு இருபது நிமிடம் ஒதுக்கிய மதரஸா அட்டவணையைக் காண்பதுதான் அரிது. சுன்னத்தின் பெயரால் விற்கும் கேப்சூலுக்குப் பணம் இருக்கிறது, செலவே இல்லாத சுன்னத்துக்கு நேரம் இல்லை!

உஸ்தாதுகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. சொற்பச் சம்பளத்தில் அவர்கள் சுமக்கும் பாரம் நமக்குத் தெரியும். 'இரண்டு வருடத்தில் முடித்துக் கொடுங்கள், பள்ளியில் பத்தாம் வகுப்பு வருகிறது' என்று நெருக்குபவர்கள் பெற்றோராகிய நாம். நீட் பயிற்சி நிலையத்திலும் இதே கதைதான். அங்கே தஹஜ்ஜுதுக்குப் பதில் மாதிரித் தேர்வு.

கேப்சூலை நிறுத்திய பின், ஹஜ்ரத் அவனை ஒன்பதரைக்குப் படுக்கச் சொன்னார். பழைய ஜுஸ்உகளை ஒப்புவிப்பதை ளுஹருக்குப் பின், சற்று உறங்கி எழுந்த நேரத்துக்கு மாற்றினார். இப்போது 16-ஆவது ஜுஸ்உவில் இருக்கிறான். கை இன்னும் இலேசாக நடுங்குகிறது. தடம் மாறினால் நின்று திரும்புகிறான். டப்பாவில் பாதி மீதியிருக்கிறது. தொள்ளாயிரம் ரூபாய் ஆயிற்றே, தூக்கிப் போட மனம் வரவில்லை என்கிறார் வாப்பா.

பள்ளிவாசல் வளாகத்தில் உண்ணும் மருந்து எதையும் தகுதிபெற்ற மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இன்றி விற்க அனுமதிக்க வேண்டாம், 'நபிவழி' என்ற சொல்லைப் பொறித்த டப்பாவை ஆலிம் ஒருவர் பார்த்த பின்னரே மேசையில் வைக்க விடுங்கள் என்று ஜமாஅத் நிர்வாகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்தோம். ஆறு வாரங்கள் ஆகின்றன, பதில் வரவில்லை. சென்ற வெள்ளியும் மேசை அங்கேயே இருந்தது. பேனர் மட்டும் புதிது. அதில் ஒரு சிறுவன் குர்ஆனைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கிறான்.